தென்னை ஏன் பட்டுப்போகிறது? கடை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு உரக்கடை வைத்திருக்கிறேன். சொந்தமாக இரண்டு ஏக்கர் தென்னையும் உண்டு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் ஒரு மட்டைத் துண்டோ, போனில் ஒரு போட்டோவோ கொண்டு வருகிறார்கள். "மரம் பட்டுப்போகுது, மருந்து கொடுங்க" என்பதுதான் முதல் வார்த்தை. என்ன நோய் என்று தெரியாமல் என்ன மருந்தைக் கொடுப்பது? கேட்டதையே கேட்கிறார்கள், சொன்னதையே சொல்கிறேன். அதனால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தவற்றை எடுத்து எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணே, சுத்துப்பட்டுல எல்லாத் தோப்புலயும் மரம் போகுது. எல்லாம் ஒரே நோய்தானா?

இல்லை. ஆனால் எல்லாவற்றையும் "வாடல்" என்ற ஒரே பெயரில் சொல்கிறோம், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த மட்டை முதலில் சாய்ந்தது? அடிமட்டைகள் முதலில் தொங்கினால் கோளாறு தூரிலோ வேரிலோ இருக்கும். நடுக்குருத்து முதலில் வாடினால் கோளாறு கொண்டையில். எல்லா மட்டையும் ஒரே வாரத்தில் ஒடிந்து தொங்கினால் அது நோயாகவே இருக்காது.

தென்னைக்கு ஒரு குருத்துதான். மாமரம் மாதிரி ஒரு கிளை போனால் இன்னொரு கிளை தழைக்காது. தண்டில் காயம் பட்டாலும் மேலே புதுப்பட்டை மூடி ஆறாது. வெட்டிய வெட்டு கடைசி வரைக்கும் வெட்டாகவே நிற்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் எளிதாகப் புரியும்.

தூருலேர்ந்து ரத்தம் மாதிரி வடியுது. என்னது அது?

பெரும்பாலும் தஞ்சாவூர் வாடல் நோய். அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். கனோடெர்மா என்ற பூசணம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறித் தூரைத் தின்கிறது. தூர் வெடிப்புகளில் செம்பழுப்பு நிறத்தில் சாறு கசியும். முதலில் தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் இருக்கும், பிறகு மேலே மேலே ஏறும். காய்ந்தபின் வெற்றிலைச் சாறு துப்பிய கறை மாதிரித்தான் தெரியும். பலபேர் அப்படியே நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

வெளியில் சாறு தெரிவதற்குள் உள்ளே வேர் நிறையப் போயிருக்கும். அப்புறம் அடிமட்டைகள் மஞ்சளாகி, ஒடியாமல் தண்டை ஒட்டிப் பாவாடை போலத் தொங்கும். புதுமட்டை சின்னதாக வரும், பாளை சுருங்கும், குரும்பை கொட்டும். நன்றாக இருக்கும் மரம் மாதம் ஒரு மட்டை விடும். அது நின்றுபோனால் மரம் கணக்கை முடிக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் தூரைச் சுற்றி அரைவட்டத் தட்டு மாதிரி, மேலே வார்னிஷ் அடித்ததுபோலப் பளபளப்பாகக் காளான் வரும். அது வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

சாறு தூரில் இல்லாமல் தண்டின் நடுவில், அங்கங்கே வெடிப்புகளில் வடிந்தால் அது சாறு வடிதல் நோய். அது வேறு பூசணம், இந்த அளவுக்கு ஆபத்து இல்லை. அழுகிய பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசை பூசினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

நோய்க்கு ஏன் நம்ம ஊர் பேரு வச்சாங்க?

1952-ல் ஒரு பெரும் புயல் அடித்தது. அதை ஒட்டி அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டில் இந்த நோயை முதலில் கண்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு வேறு மாவட்டங்களிலும், ஆந்திரா, கர்நாடகாவிலும் இருக்கிறது. கதலி, கத்தரி என்று எதற்கெல்லாமோ ஊர்ப்பெயர் கிடைக்கும்போது நமக்கு ஒரு வியாதிக்கு வாய்த்தது.

நோய்க்குப் பிடித்தது மணல் கலந்த மண், கோடையில் காய்ச்சல், பராமரிப்பு இல்லாத வயதான தோப்பு. மேட்டூர் அணையோடு சேர்ந்து கல்லணைக் கால்வாய் வந்ததே 1934-ல்தான். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி எல்லாம் அந்தத் தண்ணீரைப் பார்த்த புது டெல்டா. வண்டல் படிந்த பழைய டெல்டா மண் வேறு, நம்முடைய செம்மண்ணும் மணலும் வேறு. தென்னைக்கு நம் மண் வாகானது. கனோடெர்மாவுக்கும் வாகானது.

கஜா புயலுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? அதுக்கப்புறம்தான் ஜாஸ்தியா தெரியுது.

புயல் நோயைக் கொண்டுவரவில்லை. நோய்க்குச் சோறு போட்டுவிட்டுப் போனது. 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. என் தோப்பில் இருந்த நூற்று நாற்பது மரத்தில் விடிந்தபோது நின்றவை நாற்பத்தொன்று. நின்றவையும் ஒரு பக்கமாக முறுக்கி விட்டதுபோலத்தான் நின்றன.

கனோடெர்மா உயிரோடு இருக்கும் மரத்தில் மட்டும் வாழ்வதில்லை. செத்த தூரிலும் மண்ணுக்குள் கிடக்கும் வேரிலும் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் தோப்புகளில் எத்தனை தூர் மண்ணுக்குள் விடப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். அந்த நேரத்தில் தண்டை அறுத்து வெளியேற்றவே ஆளும் ரம்பமும் கிடைக்காமல் அலைந்தோம். தூரைப் பற்றி யார் நினைத்தார்கள்?

நான் செய்ததைச் சொல்கிறேன். ஜேசிபி வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறதே என்று, பாதித் தூரை அப்படியே விட்டேன். பிடுங்கியவற்றைத் தோப்பின் வடமேற்கு மூலைப் பள்ளத்தில் போட்டு மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தி, மேலேயே தென்னம்பிள்ளை வைத்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று அன்று நினைப்பு. ஐந்தாம் வருஷம் முதல் சாறு தெரிந்தது அந்த மூலைக்குப் பக்கத்தில் நின்ற பழைய மரத்தில். கஜாவில் தப்பித்த நாற்பத்தொன்றில் அது ஒன்று.

புயல் மரத்தை ஆட்டியதில் நின்ற மரங்களின் வேர்களும் நிறைய அறுந்தன. அறுந்த வேர், திறந்த வாசல். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து மரத்துக்கு எப்படிப் பரவுது? காத்துலயா?

காளானிலிருந்து வித்துத்தூள் காற்றிலும் போகும். ஆனால் தோப்புக்குள் மரத்துக்கு மரம் போவது பெரும்பாலும் மண் வழியாக. 25 அடி இடைவெளியில் நட்டாலும் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன. நோய்பட்ட வேர் நல்ல வேரைத் தொட்டால் போதும்.

மீதியை நாமே செய்கிறோம். களை போக ரொட்டவேட்டர் விட்டு நோய் மரத்தின் வேரைத் துண்டு துண்டாக்கித் தோப்பு முழுக்க இழுத்துப் போகிறோம். ஒரு மரத்து வட்டப்பாத்தியை நிரப்பி, உடைத்து, அதே தண்ணீரை அடுத்த மரத்துக்கு விடுகிறோம். வாய்க்கால் ஓட்டத்திலேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பட்ட மரங்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் போன தடத்தை அந்த மரங்களே காட்டும்.

வந்த மரத்தைக் காப்பாத்த முடியுமா? மருந்து விக்கிறவரா இல்லாம உண்மையச் சொல்லுங்க.

சரி, உண்மையையே சொல்கிறேன். தூரில் சாறு ஒரு முழத்துக்குள் இருந்து, மட்டைகள் இன்னும் பச்சையாக நின்றால் முயற்சி செய்யலாம். நோய் அப்படியே நின்று இன்னும் பல வருஷம் காய்த்த மரங்கள் உண்டு. அடிமட்டை தொங்கி, காளானும் வந்துவிட்டால் அந்த மரத்துக்கு என் கடையிலிருந்து எதையும் வாங்காதீர்கள். அரிவாள் பிடியால் தூரைத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே போன மரம் காலிக் குடம் மாதிரிக் கேட்கும். குடம் கேட்டால் வெட்டிவிடுங்கள், சுற்றியிருக்கும் எட்டு மரத்தைக் காப்பாற்றுங்கள்.

முயற்சி செய்யும் மரத்துக்கும் சுற்றியுள்ளவற்றுக்கும் செய்ய வேண்டியது இது. வருஷத்துக்கு மரம் ஒன்றுக்கு 50 கிலோ தொழு உரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அதோடு நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் கலந்து பாத்தியில் இடுங்கள். 1 சத போர்டோ கலவை 40 லிட்டர் தூரைச் சுற்றி ஊற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வேர் வழியாகப் பூசணக்கொல்லி. நோய் மரத்தைச் சுற்றி நாலடி தள்ளி, இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு காண் வெட்டி வேர்த் தொடர்பை அறுத்துவிடுங்கள். போர்டோ ஊற்றும் நாளும் டிரைக்கோடெர்மா போடும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. தாமிரம் அந்த நல்ல பூசணத்தையும் கொன்றுவிடும். நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள்.

போர்டோ கலவை ஒரு கேன் குடுங்க.

அது கேனில் வராது, வீட்டில் செய்வது. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. 50 லிட்டரில் துத்தத்தையும் இன்னொரு 50 லிட்டரில் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றாதீர்கள். இரும்பு வாளி கூடாது, பிளாஸ்டிக் அல்லது மண் தொட்டி.

சரியாக வந்ததா என்று பார்க்கப் பளபளவென்று தீட்டிய அரிவாளை ஒரு நிமிஷம் கலவைக்குள் முக்கி எடுங்கள். நுனியில் செம்பு நிறத்தில் துருப் பிடித்ததுபோலப் படிந்தால் துத்தம் தூக்கல். சுண்ணாம்புத் தண்ணீர் இன்னும் சேர்த்து, அரிவாள் வெள்ளையாகவே வரும்வரை கலக்குங்கள். என் அப்பா வெற்றிலைக் கொடிக்காலுக்கு இப்படித்தான் செய்வார்.

வேர்ல மருந்து கட்டுனேன். பை அப்படியே இருக்கு, மரம் குடிக்கல.

பழைய வேரில் கட்டியிருப்பீர்கள். தூரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி மண்ணைக் கையால் பறித்துப் பாருங்கள், மண்வெட்டி வேண்டாம். பென்சில் கனத்தில், நுனி வெளுத்த, மேல்தோல் இளஞ்சிவப்பாக இருக்கும் வேர்தான் குடிக்கும். கறுத்து முற்றிய வேர் வாயைத் திறக்காது. நுனியைக் கூர்மையான கத்தியால் சாய்வாகச் சீவி, 100 மில்லி கலவை உள்ள பாலித்தீன் பையின் அடிவரை வேர் நுனி போகும்படி விட்டு, வாயை நூலால் கட்டி, மண்ணை மேலே மூடுங்கள். சாயங்காலம் கட்டினால் மறுநாள் காலையில் பை சுருங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வேரைத் தேடுங்கள். மண் லேசாகக் காய்ந்திருக்கும்போது கட்டுவது நல்லது. தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் மரத்துக்குத் தாகம் இருக்காது.

எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலோ கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வாருங்கள். பக்கத்துத் தோப்புக்காரர் சொன்ன பெயரைப் பாதி மறந்துபோய் வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

அடியில ஒண்ணுமே இல்ல. மேல குருத்து மட்டும் சாய்ஞ்சிருக்கு.

இது வேறு கதை. மூன்று பேர்மேல் சந்தேகப்படலாம்.

விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியதுபோல முக்கோண வெட்டு இருந்தால் காண்டாமிருக வண்டு. அது மட்டும் தனியாகப் பெரிய மரத்தைக் கொல்வது அபூர்வம், ஆனால் குருத்தைக் குடைந்து காயம் பண்ணும். அந்தக் காயத்து வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். கொல்வது இவன். புழு தண்டுக்குள்ளேயே இருந்து தின்னும். தண்டில் ஓட்டை, அதில் மென்று துப்பிய நார், பழுப்பான கொழகொழப்புச் சாறு. சத்தம் இல்லாத மத்தியானத்தில் தண்டில் காதை வைத்தால் கறுக் கறுக் என்று மெல்லும் சத்தம் கேட்கும். முதல் தரம் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐந்திலிருந்து இருபது வயது மரங்கள்தான் அதற்கு அதிகம் பிடிக்கும். மூன்றாவது குருத்தழுகல்: ஐப்பசி கார்த்திகை மழையில் வரும். நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், நாற்றம் தாங்காது. ஆரம்பத்திலேயே பார்த்தால் அழுகலை வெட்டி எடுத்துப் போர்டோ பசை தடவிப் பிழைக்க வைக்கலாம்.

வண்டுக்கு முதல் வைத்தியம் உங்கள் எருக்குழியில் இருக்கிறது. அங்கேதான் காண்டாமிருக வண்டின் புழு வளர்கிறது, பொரித்த முறுக்கு மாதிரிச் சுருண்டு கிடக்கும். எருவைக் கிளறும்போது பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணத்தைக் குழியில் கலந்து வையுங்கள். மரத்தில் மேல்மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து 150 கிராம் போடலாம். கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது, ஆனால் வாளியில் தண்ணீரும் தீனியும் மாற்றாமல் தொங்கவிட்டால் பிரயோஜனம் இல்லை. அதோடு பச்சை மட்டையை அடியோடு ஒட்ட வெட்டாதீர்கள், வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். கீற்று முடைய மட்டை கேட்டு வருபவர்களிடம் இதைச் சொன்னால் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.

மட்டையெல்லாம் கரி பூசினாப்ல இருக்கு. கீழ வாழை இலைகூட கறுப்பு. மரம் போயிருமா?

போகாது. இது சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் பார்த்தது, அப்புறம் நமக்கும் வந்தது. ஈ சாற்றை உறிஞ்சித் தேன் மாதிரிக் கழிவை விடும், அதன்மேல் கரும்பூசணம் படரும். காய்ப்புக் குறையும், மரம் சாகாது.

இதற்கு விஷம் அடிக்காதீர்கள். அடித்தால் அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற பொடிக் குளவியும் சேர்ந்து சாகும். ஏக்கருக்குச் சில மஞ்சள் ஒட்டுப்பொறி, அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சுவது, கரி போக லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளிப்பது, அவ்வளவுதான். மைதா பசை காய்ந்து உரிந்து விழும்போது கரியும் கூடவே உரிந்துவரும்.

பொள்ளாச்சில கேரளா வாடல்னு ஆயிரக்கணக்குல வெட்டுறாங்களாமே. நம்மளதும் அதுவா?

அல்ல. பெயரில் இரண்டுக்கும் வாடல் இருப்பதால் வரும் குழப்பம். கேரள வேர்வாடலுக்குக் காரணம் பூசணம் இல்லை, பைட்டோபிளாஸ்மா என்ற மிக நுண்ணிய கிருமி. பூச்சிகள் மூலம் பரவுகிறது. 1882-ல் கேரளத்தில் ஒரு வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்டார்கள். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோயம்புத்தூர் என மலையோர மாவட்டங்களில் இருக்கிறது.

அதில் ஓலைகள் உள்பக்கமாக வளைந்து விலா எலும்பு மாதிரித் தெரியும். தூரில் சாறு வடியாது, மரமும் சட்டென்று சாகாது, வருஷக்கணக்கில் நலிந்து நிற்கும். அதற்கு மருந்தில்லை. நம்முடையது வேறு, ஆரம்பத்தில் பிடித்தால் வழி உண்டு. ஆனால் ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் வரும் மலிவான பிள்ளைகளை வாங்கும்முன் எந்தத் தோப்புக் கன்று என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரி நல்லா இருந்த மரம், ஒரே வாரத்துல ஆறு மரம் மொத்தமா தொங்கிருச்சு. யாரோ ஏதோ வச்சிட்டாங்கன்னு அம்மா சொல்லுது.

அந்த வாரம் இடி மின்னல் இருந்ததா என்று கேட்டேன். "ஆமா, பெரிய சத்தம்" என்றார். மின்னல் விழுந்த மரத்தோடு சுற்றியுள்ள மரங்களும் வட்டமாகப் போகும். எல்லா மட்டையும் ஒரே சமயம் பச்சையாகவே ஒடிந்து தொங்கும். முதல் கேள்வியில் "அது நோயாகவே இருக்காது" என்று சொன்னது இதைத்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், வைத்தது மேலே இருக்கிற இந்திரன்தான்.

மாமா, என் பையன் கனடாவுல இருக்கான். அங்க மலை மலையா பைன் மரம் காஞ்சு நிக்குதாம், வண்டுதான் காரணமாம். நம்ம வண்டு மாதிரியா?

கொஞ்சம் ஒத்துப்போகும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பைன் வண்டு என்று ஒன்று. நெல்மணி அளவுதான் இருக்கும். 1990-களின் கடைசியில் பெருகத் தொடங்கி 1.8 கோடி ஹெக்டேருக்கும் மேல் காட்டைப் பாதித்தது. வண்டு பட்டைக்குள் குடைந்து முட்டையிடும்போது ஒரு நீலக்கறைப் பூசணத்தையும் உடன் கொண்டுபோகிறது. புழு பட்டையைத் தின்ன, பூசணம் மரத்தின் தண்ணீர்க் குழாய்களை அடைக்க, மரம் சிவந்து காய்கிறது. முன்பெல்லாம் கடுங்குளிர் புழுக்களைக் கொன்றுவிடும். குளிர் குறைந்ததும் வண்டுக்குக் கொண்டாட்டம்.

நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது, தண்ணீர் இல்லாமல் இளைத்த மரம்தான் முதலில் விழும் என்பது. பைன் தெம்பாக இருந்தால் பிசின் விட்டு வண்டை வெளியே தள்ளும். நம் மரத்துக்கு அந்தப் பிசினும் கிடையாது.

தண்ணி பாய்ச்சலன்னா நோய் வரும்கிறீங்க. தண்ணியாலதான் பரவுதுங்கிறீங்க. எதுதான்யா சரி?

நல்ல கேள்வி, என்னை மடக்கியவர் ஒரு பெரியவர். இரண்டும் சரி. மரத்துக்குத் தண்ணீர் வேண்டும், ஒரு மரத்துத் தண்ணீர் இன்னொரு மரத்துக்குப் போகக் கூடாது.

நம் பக்கம் பிரச்சினையே காலண்டர்தான். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர நாளாகும். தை மாசம் அணையை மூடினால் மாசி, பங்குனி, சித்திரை முழுக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். அந்த மூன்று மாதத்தில்தான் மணல்மண் தோப்பு காய்ந்து கருவாடாகிறது. வேர்நுனி சாகிறது. பிறகு ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஆசையாகத் தோப்பு முழுக்க வெள்ளமாகக் கட்டுகிறோம். பட்டினி போட்டுவிட்டு விருந்து வைப்பது மாதிரி. கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு தரமாவது நனைக்க வேண்டும். சொட்டுநீர் முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மரத்துக்கு ஆறடி அரைவிட்டத்தில் தனித்தனி வட்டப்பாத்தி, நடுவில் ஒரு வாய்க்கால், அதிலிருந்து ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை. பாத்தியில் மட்டையையும் தேங்காய் மட்டை நாரையும் பரப்பினால் ஈரம் நிற்கும். நோய் மரத்துப் பாத்திக்கு மடை திறப்பது எப்போதும் கடைசியில்.

பட்ட மரத்தை வெட்டியாச்சு. அதே குழியில பிள்ளை வைக்கலாமா?

என் வடமேற்கு மூலைக் கதையை மேலே படித்திருப்பீர்கள். அதே குழியில் வேண்டாம். தூரையும் கையில் கிடைக்கும் அத்தனை வேரையும் தோண்டி எடுத்து அங்கேயே எரித்துவிடுங்கள். தூரை இழுத்துக்கொண்டு தோப்பு வழியாகப் போகாதீர்கள். குழியில் போர்டோ ஊற்றி ஆறப்போடுங்கள். புதுப்பிள்ளையைப் பழைய இரு மரங்களுக்கு நடுவில், பழைய தூரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். இடையில் வாழை போடுங்கள். ஊடுபயிராக வாழை இருக்கும் தோப்பில் வாடல் குறைவு என்று வேளாண் பல்கலைக்கழகத்தாரும் சொல்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். வாழைக்காகக் கோடையில் தண்ணீர் விடுவோம் பாருங்கள், அதில் தென்னையும் குடித்துக்கொள்கிறது.

எந்த ரகம் வச்சா இந்த நோயே வராது?

அப்படி ஒரு ரகம் இல்லை. இருக்கிறது என்று சொல்லிக் கன்றுக்கு இரட்டை விலை கேட்பவரிடம் வாங்காதீர்கள். வேப்பங்குளத்தில் வெளியிட்ட வேப்பங்குளம் 3 நெட்டை ரகம், வறட்சியைத் தாங்கும். மேலே சொன்ன கோடைப் பட்டினியைத் தாங்குவதே நமக்குப் பாதி வெற்றி. குட்டையாக இருக்கும், சீக்கிரம் காய்க்கும் என்று ஒட்டுரகத்துக்குப் போகிறவர்கள், அதற்கு ஆகும் தண்ணீரையும் உரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உரம் என்றதும் யூரியாவோடு நிறுத்தாதீர்கள். காய்க்கிற மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டு தவணையாக. எல்லாரும் விட்டுவிடுவது பொட்டாஷை.

அந்தக் காளான் கிலோ ஆயிரக்கணக்குல போகுதாமே? யூடியூப்ல பாத்தேன்.

ரெய்ஷி என்ற பெயரில் விற்கும் மருந்துக் காளானும் கனோடெர்மாக் குடும்பம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் சுத்தமான மரத்தூளில், கூரைக்குள் வளர்க்கிறார்கள். மருந்து ஊற்றிய தென்னந்தூரில் முளைத்ததை யாரும் வாங்க மாட்டார்கள், நீங்களும் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள். விலைபேச அதை முற்றவிட்டால் வித்துத்தூள் பறக்கும். கண்டவுடன் கிள்ளி நெருப்பில் போடுங்கள்.

நோய் மரத்துக் காய சாப்பிடலாமா?

சாப்பிடலாம், பூசணம் காய்க்குப் போகாது. வேரில் மருந்து கட்டும்முன் முற்றிய காய், இளநீர் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். கட்டியபின் 45 நாள் அந்த மரத்தில் கை வைக்க வேண்டாம். காய் வெட்டுக்கு வருபவருக்கும் சொல்லிவையுங்கள்.

இன்சூரன்ஸ் எதுவும் கிடைக்குமா?

தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீடு இருக்கிறது. புயல், மின்னல், மரத்தையே கொல்லும் பூச்சி நோய் எல்லாம் அதில் வரும். பிரீமியத்தில் நாலில் ஒரு பங்குதான் நாம் கட்டுவது. மரம் நன்றாக இருக்கும்போது சேர வேண்டும். சாறு வடிந்தபின் விண்ணப்பப் படிவம் கேட்டு வருகிறார்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு தரம் தூரைப் பாக்கணும்?

வெட்டு நாளில் பார்த்தால் போதும். எப்படியும் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் தோப்புக்குள் போவோம். மரம் ஏறுகிறவர் கொண்டையைப் பார்ப்பார், நீங்கள் தூரைப் பாருங்கள். அவரிடம் "குருத்து எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு மரத்துக்கும் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார், அவருக்குக் காய்க்குத்தான் கூலி.

நான் மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பில் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன். சாறு கண்ட மரத்தில், சாறு ஏறிய உயரத்தில் ஒரு கோடு. அடுத்த வெட்டுக்குச் சாறு கோட்டைத் தாண்டியதா என்று பார்ப்பேன். மூலைக்குப் பக்கத்து முதல் மரம், நம்பர் பதினேழு, வெட்டியாகிவிட்டது. பக்கத்திலிருக்கும் பதினெட்டில் போன வருஷம் ஆடியில் தரையிலிருந்து ஒரு சாணில் கோடு போட்டேன். காண் வெட்டி, போர்டோ ஊற்றி, மூன்று தரம் வேரில் கட்டினேன். சென்ற வாரம் வெட்டின்போது பார்த்தேன், கறை காய்ந்து கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. முப்பத்திரண்டு காய் இறங்கியது. பத்தொன்பதின் தூரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.